யாருக்கு நிலம், யாருக்குப் பென்ஷன்: போர்வீரர் மானியமும் பெங்களூருத் தமிழர்களும்

பெங்களூரின் அல்சூர், மர்பி டவுன், காக்ஸ் டவுன் பக்கத்துப் பழைய தமிழ்க் குடும்பங்களில் பட்டாளத்துத் தாத்தா ஒருவராவது இருப்பார். மெசபொட்டேமியா, பர்மா, இத்தாலி என்றெல்லாம் வீட்டுப் பேச்சில் சர்வசாதாரணமாக அடிபடும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "பஞ்சாப்ல சண்டைக்குப் போனவங்களுக்கெல்லாம் சர்க்கார் நிலம் குடுத்துச்சாமே, நம்ம தாத்தாவுக்கு ஏன் ஒண்ணும் வரல?" வெள்ளைக்காரனுக்குத் தெற்கத்தி ஆட்களைப் பிடிக்காது என்று யாராவது பதில் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். பாக்கிப் பாதி, போர்வீரருக்கு நிலம் கொடுப்பது என்ற ஏற்பாடே எதற்காக வந்தது என்பதில் இருக்கிறது.

கஜானாவில் காசு குறைவாகவும் ஆள் தேவை அதிகமாகவும் இருக்கிற அரசுக்கு நிலம்தான் மலிவான சம்பளம். அதை அது புதிதாகச் சம்பாதிக்க வேண்டியதில்லை. தனக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டால் போதும். கொடுக்கும்போதும், போரில் யார் எவ்வளவு செய்தார்கள் என்ற கணக்கைவிட, அடுத்த போருக்கு யார் வேண்டும், எந்த இடத்தில் நமக்கு வேண்டியவர்கள் குடியிருக்க வேண்டும் என்ற கணக்கே பெரும்பாலும் முன்னால் நின்றது. இதற்குப் பழைய சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். பொம்மனஹள்ளி தாண்டிப் பேகூர் வரை போனால் போதும்.

பெங்களூரு என்ற பெயர் முதன்முதலில் கண்ணில் படுவதே ஒரு சண்டைச் செய்தியில்தான். பேகூர் நாகேசுவரர் கோயிலில் கி.பி. 890ஐ ஒட்டிய கன்னடக் கல்வெட்டு ஒன்று, 'பெங்களூருச் சண்டை'யில் ஒருவர் இறந்ததைக் குறிக்கிறது. அதே பேகூரில் கிடைத்த இன்னொரு நடுகல் இப்போது கஸ்தூர்பா சாலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யானையும் குதிரையும் ஆளுமாக நெருக்கிச் செதுக்கிய கல். கங்க மன்னன் எரெயப்பன் அனுப்பிய நாகத்தரன் தும்பேபாடி என்ற இடத்தில் வீரமகேந்திரனின் படையோடு மோதி மாண்டான். அதைக் கேட்ட மன்னன், நாகத்தரன் என்ற பட்டத்தை இருகன் என்பவனுக்குச் சூட்டி, பேம்பூர் பன்னிரண்டு ஊர்களையும் 'கல்நாடு' என்ற மானியமாகக் கொடுத்தான் என்கிறது கல். பேம்பூர்தான் இன்றைய பேகூர். இறந்தவன் ஒருவன், பட்டமும் ஊரும் பெற்றவன் இன்னொருவன். தலைவன் இல்லாமல் போன எல்லைப் பகுதிக்கு உடனே ஒரு தலைவன் தேவைப்பட்டான் என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு கல்லில் எழுத முடியாது.

தமிழ்ப் பக்கத்திலும் போரில் இறந்தவனின் குடும்பத்துக்கு விட்ட நிலத்தை உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்பட்டி என்றும் சொன்னார்கள். சோழர் காலத்தில் படைப்பற்று, விஜயநகரக் காலத்தில் அமரம், பாளையக்காரர்களிடம் கட்டுப்படிச் சேவகர்களின் மானியம் என்று இந்தச் சங்கிலி நீளும். மைசூரிலும் கந்தாசாரம் என்ற ஊர்ப்படைக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு நிலமாகவே போனது. எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. கூப்பிட்டால் ஆயுதத்தோடு வர வேண்டும். வராவிட்டால் நிலம் போய்விடும்.

கிழக்கிந்தியக் கம்பெனி வந்த பிறகு தெற்கில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளப் படையில் ஊனமுற்ற, வயதான சிப்பாய்களைக் கம்பெனி பிகாரில் நிலம் கொடுத்துக் குடியேற்றியது. பாகல்பூர் பக்கம் காட்டோரமாக அவர்களை வைத்தால் மலைவாசிகளுக்கும் சமவெளிக்கும் நடுவே ஒரு வேலி மாதிரி இருப்பார்கள் என்பது எண்ணம். தமிழ்நாட்டிலோ 1801இல் பாளையக்காரர் போர்கள் முடிந்ததும், நிலத்தோடு ஒட்டியிருந்த ஆயுதத்தைப் பிடுங்குவதுதான் முதல் வேலையாயிற்று. 1858இல் அமைந்த இனாம் கமிஷன், இனிச் சேவகம் வேண்டாம், ஒரு தொகை கட்டிவிட்டு நிலத்தைச் சாதாரண நிலமாக வைத்துக்கொள் என்று சேவகத்துக்காக முன்பு விட்டிருந்த இனாம் நிலங்களைக் கணக்குத் தீர்த்தது. ஒரு பக்கம் பட்டாளத்தானுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றிய அதே ஆட்சி, இன்னொரு பக்கம் நிலத்தையும் பட்டாளத்தையும் பிரித்தது.

பெங்களூரு கன்டோன்மென்ட் பிறந்தது இந்தப் பிரிவினைக் காலத்தில்தான். 1799இல் திப்பு வீழ்ந்தபின் சீரங்கப்பட்டணத்தில் தங்கிய படை அங்கே காய்ச்சலுக்கு ஆட்களைப் பறிகொடுத்து, 1809இல் இங்கே மாறியது. படையோடு வட ஆர்க்காடு, சேலம், சென்னை வட்டாரங்களிலிருந்து தமிழர்களும் வந்தார்கள்: சிப்பாய், சமையல்காரர், தோபி, மேஸ்திரி, துபாஷி, கான்ட்ராக்டர். 1780இல் மெட்ராஸ் பயனியர்கள் என்று தொடங்கிய படைப்பிரிவுதான் பின்னாளில் மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆகி, இன்று அல்சூர் ஏரிக்கரையில் எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) என்று நிற்கிறது. 'தம்பிகள்' என்ற செல்லப்பெயர் இன்னும் அவர்களை விடவில்லை. பாலம் கட்டுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை.

இவர்களுக்குச் சம்பளமும் அதன்பின் பென்ஷனும் கிடைத்தன. நிலம் கிடைக்கவில்லை. கன்டோன்மென்டில் சொத்து சேர்த்த தமிழர்கள் பெரும்பாலும் பட்டாளத்துக்கு வெளியே இருந்தவர்கள். இன்று உயர் நீதிமன்றமாக இருக்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டிக் கொடுத்த கான்ட்ராக்டர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் பெயரில் 1873 முதல் பள்ளி இருக்கிறது. துப்பாக்கி பிடித்தவனைவிட அவனுக்குக் கொட்டகை போட்டவன் நிலையாக நின்றான் என்று அல்சூர்ப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இப்போது பஞ்சாபுக்கு வருவோம், ஏனென்றால் நம் தாத்தா கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

1880களிலிருந்து பஞ்சாபின் மேற்குப் பகுதியில், இன்று பாகிஸ்தானில் உள்ள வறண்ட மேய்ச்சல் நிலத்தில், பெரும் கால்வாய்களை வெட்டினார்கள். செனாப், ஜீலம், கீழ் பாரி தோஆப் என்று வரிசையாகக் குடியேற்றங்கள் எழுந்தன. இன்று ஃபைசலாபாத் எனப்படும் லயல்பூர் அப்படி உருவான ஊர். தண்ணீர் வந்ததும் லட்சக்கணக்கான ஏக்கர் அரசின் கைக்கு வந்தது. ஆடுமாடு மேய்த்துக்கொண்டிருந்த ஜாங்லி மக்களின் நிலம் அது என்பதை 'தரிசு' என்ற ஒரே சொல் மூடிவிட்டது. அந்த நிலத்தில் பட்டாளத்துக்கு எப்போதும் தனிப் பங்கு உண்டு. ஜீலம் குடியேற்றத்தில் இன்னும் ஒருபடி மேலே போய், குதிரைப்படைக்கு வேண்டிய குட்டிகளுக்காகப் பெட்டைக் குதிரை வளர்த்தால்தான் நிலம் என்று நிபந்தனை போட்டார்கள்.

1907இல் குடியேற்ற நிலங்களின் நிபந்தனைகளை இறுக்க ஒரு மசோதா வந்தது. வாரிசுரிமையிலும் குடியிருப்பிலும் அரசு கைவைக்கப் பார்த்தது. அஜித் சிங் முதலானோர் கிளப்பிய போராட்டம் பெரிதாயிற்று. குடியேறிகளில் பலருக்கு அண்ணனோ மகனோ படையில் இருந்ததால் கோபம் பாசறைக்குள் போய்விடுமோ என்ற பயம் பிடித்தது. வைஸ்ராய் மின்டோ மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்தார். நிலம் கொடுத்து விசுவாசம் வாங்கிய அரசு, அந்த விசுவாசத்துக்கே கட்டுப்பட்டுப்போன கதை இது. மெட்ராஸ் சிப்பாயிடம் இப்படி ஒரு பிடி இருக்கவே இல்லை.

முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து போர்வீரர்களாகச் சேர்ந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பஞ்சாபிகள். லெப்டினென்ட் கவர்னர் மைக்கேல் ஓட்வயர் ஆட்சியில் ஆள்சேர்ப்பு நைச்சியமாகவும் நடந்தது, மிரட்டலாகவும் நடந்தது. கீழ் பாரி தோஆப் குடியேற்றத்தில் ஒன்றேமுக்கால் லட்சம் ஏக்கருக்கும் மேல் போர்வீரர்களுக்கென ஒதுக்கினார்கள். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், நிலம் பெற்றவர்களில் போருக்கே போகாதவர்களும் உண்டு. ஊரிலிருந்து நிறைய ஆள் பிடித்துக் கொடுத்த ஜைல்தார், நம்பர்தார் எனப்பட்ட வட்டார, ஊர்த் தலைவர்கள் அதற்காகவே பரிசு பெற்றார்கள்.

சாதிக்கணக்கும் உண்டு. 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நிலப் பராதீன (நிலம் கைமாறுவதைக் கட்டுப்படுத்தும்) சட்டம் 'விவசாயக் குலங்கள்' என்று ஒரு பட்டியல் போட்டது. குடியேற்ற நிலமும் பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்குள்ளேயே சுற்றியது. ஏற்கெனவே நிலம் உள்ள சாதிகளுக்கு மேலும் நிலம். பண்ணையாட்களுக்கும் கைத்தொழிலாளருக்கும் பொதுவாக இல்லை. பாதை வெட்டும் வேலையும் செய்த பயனியர் காலாட்படைகளில் இருந்த, ஒடுக்கப்பட்ட சாதியினரான மஸ்பி சீக்கியர்கள் கொஞ்சம் நிலம் பெற்றது விதிவிலக்கு.

இதை மெட்ராஸோடு வைத்துப் பாருங்கள். சாப்பர்ஸிலும், 1780இன் பயனியர்களிலிருந்து வேறான பிற்காலப் பயனியர் படைகளிலும் பறையர் சமூகத்தினர் நிறைய இருந்தார்கள், கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். ஊரில் குழி நிலம் இல்லாத குடும்பங்கள். படையில் சேர்வது அவர்களுக்குக் கௌரவத்துக்கும் சோற்றுக்கும் வழி. நிலம் தருகிறேன் என்று ஆசைகாட்டி இழுக்க வேண்டிய தேவை அரசுக்கு இல்லை, தராவிட்டால் கலகம் செய்ய அவர்கள் பின்னால் நிலக்கிழார் கூட்டமும் இல்லை. அதோடு, 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படைத் தளபதியாகவும் பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியர் போருக்கு லாயக்கில்லை என்ற கருத்தை ஊன்றிவிட்டார். சில குலங்களே போருக்கு ஏற்றவை என்ற 'போர்க்குலம்' சித்தாந்தம் வேரூன்றியதும் மெட்ராஸ் காலாட்படை ஒவ்வொன்றாகக் கலைந்தது. 1928க்குள் மூன்றாம் மெட்ராஸ் ரெஜிமென்டும் போயிற்று, 1933இல் பயனியர்களும் போனார்கள். முதல் உலகப் போரில் இறந்த அந்தப் பயனியர்களுக்குப் பிரிகேட் சாலை, ரெசிடென்சி சாலை முக்கில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. சிக்னல் விழுவதற்குள் அதைப் படித்து முடித்தவர்கள் குறைவு.

சாப்பர்ஸை மட்டும் கலைக்க முடியவில்லை. பாலம் கட்ட ஆள் வேண்டுமே. இரண்டாம் உலகப் போரில் ஆள்பஞ்சம் வந்ததும் மெட்ராஸ் ரெஜிமென்டுக்கும் மறுபடி உயிர் கொடுத்தார்கள். 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மிக்னானோவில் கண்ணிவெடி மேல் பாய்ந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்ட சாப்பர்ஸ் சுபேதார் சுப்ரமணியன்தான் பிரிட்டனின் உயரிய வீர விருதான ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர். போர்க்குலச் சித்தாந்தத்துக்கு அதைவிட நல்ல மறுப்பு கிடைக்காது.

அந்தப் போர் முடிகிற சமயத்தில்தான் மெட்ராஸ் அரசு பெரிய அளவில் மாஜி ராணுவத்தினருக்கு நிலம் என்று யோசித்தது. இடம் வயநாடு. நிலம்பூர் கோவிலகம் என்ற நிலக்கிழார் குடும்பத்தின் காட்டு நிலத்தை எடுத்து, அம்பலவயல், சுல்தான் பத்தேரி வட்டாரத்தில் குடியேற்றத் திட்டம் போட்டார்கள். குடியேறிகளுக்கு உதவ அம்பலவயலில் தொடங்கிய விவசாய ஆராய்ச்சி நிலையம் இன்றும் இருக்கிறது. மலேரியா கொன்றது, காட்டு விலங்கு பயிரை மேய்ந்தது, பழங்குடிகளான பணியரும் குறுமரும் தாங்கள் புழங்கிய மண்ணில் அந்நியரானார்கள். 'காலி நிலம்' என்று அரசு சொல்லும்போது அங்கே யாரோ இருப்பார்கள் என்ற விதி பஞ்சாபுக்கு மட்டுமானதல்ல. 1956இல் வயநாடு கேரளாவோடு போனது. பெங்களூரில் குடும்பம் வைத்திருந்த சாப்பருக்கு அந்தக் காடு எப்படியும் எட்டாக்கைதான்.

சுதந்திரத்துக்குப் பின் கணக்கு தலைகீழானது. 1969ஆம் ஆண்டின் கர்நாடக நில மானிய விதிகளில், கிராமத்தில் வழங்கக்கூடிய அரசு நிலத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 50 சதவீதம், ராணுவத்தினருக்கும் மாஜி ராணுவத்தினருக்கும் 10 சதவீதம் என்று ஒதுக்கினார்கள். பஞ்சாபில் நிலமுள்ளவனுக்கு நிலம் போயிற்று. இங்கே நிலமில்லாதவனோடு ஒரே வரிசையில் வீரனை நிறுத்தினார்கள். கொள்கையாகப் பார்த்தால் இதுதான் நியாயம் என்பேன். நடைமுறையில் மூன்று இடத்தில் அது சிக்கிக்கொண்டது.

ஒன்று, நிலம் எங்கிருந்து வரும் என்பது. பெரும்பாலும் கோமாளா, அதாவது ஊர் மாடுகளுக்கான மேய்ச்சல் நிலம். நூறு மாட்டுக்கு 12 ஹெக்டேர் விட்டுவிட்டு மிச்சத்தைத்தான் கொடுக்கலாம் என்று விதி. ஊர்க்காரர்களுக்கு மேய்ச்சல் நிலம் போகிறதே என்ற வருத்தம், வந்தவர் வெளியூர்ப் பட்டாளத்துக்காரர் என்றால் கேட்கவே வேண்டாம். பிறகு வனத்துறை வந்து இது காடு என்று சொல்லும் வழக்குகள். 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டமும், காடு என்பதற்கு விரிந்த பொருள் கொடுத்த 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவும் வந்தபின் அவை கூடிவிட்டன.

அடுத்தது நில அளவை. இதுதான் ஆளைக் கொல்வது. தரகாஸ்து என்ற விண்ணப்பம் கொடுத்து, தாசில்தார் உத்தரவு போட்டு, நிலம் வழங்கியதற்கான சாகுவளிச் சீட்டு கையில் வந்துவிடும். 'சர்வே நம்பர் இன்னதில் இரண்டு ஏக்கர்' என்று அதில் இருக்கும். ஆனால் அந்தச் சர்வே நம்பர் நூறு ஏக்கர் என்றால் எந்த இரண்டு ஏக்கர்? அளந்து, எல்லைக்கல் நட்டு, உட்பிரிவு எண் கொடுக்கும் வேலைக்குப் போடி என்று பெயர். அது பத்தாண்டுக் கணக்கில் நடக்காமலே கிடந்தது. பஹானி என்ற நில உரிமைப் பதிவில் ஒரே சர்வே நம்பருக்கு எதிரே இருபது முப்பது பெயர். கூட்டிப் பார்த்தால் சில இடங்களில் இருக்கிற நிலத்தைவிடக் கொடுத்த நிலம் அதிகம். அண்மையில் மாநில வருவாய்த் துறை இந்தத் தரகாஸ்து போடி வேலையை இயக்கமாக எடுத்து நடத்துவது இதனால்தான்.

கடைசியாக விற்பனைத் தடை. மானிய நிலத்தை 15 ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது என்பது விதிகளில் இருந்த நிபந்தனை. பல பழைய சீட்டுகளில் இதைக் காணலாம். நோக்கம் நல்லது. அமெரிக்காவில் 1855ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 நாள் சேவை செய்த வீரருக்கே 160 ஏக்கருக்கு வாரன்ட் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தைக் கைமாற்றலாம் என்று 1852லேயே அனுமதித்திருந்ததால், பெரும்பாலான வாரன்டுகள் வீரர்களிடமிருந்து தரகர்களிடம் போய்ச் சேர்ந்தன. தடை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது உதாரணம். தடை இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெங்களூருச் சுற்றுவட்டாரமே உதாரணம். ஆனேக்கல், ஒசகோட்டை, தேவனஹள்ளிப் பக்கம் மேட்டு நிலம் மானியமாகப் பெற்றவருக்குக் கிணறு வெட்டப் பணமில்லை, அடகு வைக்கவும் வழியில்லை. பிள்ளைகள் நகரத்தில் வேலைக்குப் போய்விட்டார்கள். தரகர் வந்து, பத்திரம் வேண்டாம் சார், ஜி.பி.ஏ. (பொது அதிகாரப் பத்திரம்) போதும் என்று ஒரு தொகையை நீட்டினார். 2008இல் தேவனஹள்ளியில் விமான நிலையம் திறந்தபின் அந்த நிலத்தின் விலை எங்கேயோ போயிற்று. ஜி.பி.ஏ. மூலம் உரிமை மாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொன்னதும் இரண்டு பக்கமும் கோர்ட்டுக்கு ஓடின.

நகரத்தையொட்டிப் புதிதாக நிலம் கிடைக்கும் என்று இப்போது யாரும் எதிர்பார்ப்பதில்லை. அரசு நிலத்தில் அனுமதியின்றிப் பயிரிட்டதை வரன்முறைப்படுத்தும் பகர் ஹுக்கும் பிரிவுகூடப் பெங்களூரு நகர எல்லையிலிருந்து 18 கி.மீ.க்குள் பொருந்தாது. நாடு முழுவதுமே நிலம் பணமாக மாறிக்கொண்டிருக்கிறது. வீரச் சக்கரங்கள் பெற்றவர்களுக்குச் சில மாநிலங்கள் கொடுக்கும் தொகைக்கு 'நிலத்துக்குப் பதிலாக ரொக்கம்' என்றே பெயர். 1999 கார்கில் போருக்குப் பின் இறந்தவர் குடும்பங்களுக்குப் பெட்ரோல் பங்கும் கேஸ் ஏஜென்சியும் தந்தார்கள். கி.பி. 6இல் ரோமின் அகஸ்டஸ் இதே முடிவுக்கு வந்தார். பழைய வீரருக்கு நிலம் பிடுங்கிக் கொடுத்து இத்தாலி முழுக்கப் பகை சம்பாதித்தபின், தனிக் கஜானா வைத்து ஓய்வுத் தொகையை ரொக்கமாகவே கொடுத்தார்.

பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களில் சிலவற்றிடம் 1970களின் சாகுவளிச் சீட்டு இன்னும் பெட்டிக்குள் இருக்கலாம். அதை நம்பி வாங்கவோ விற்கவோ பேசுவதற்கு முன், சீட்டோடு நிறுத்தாமல் தாலுக்கா ஆபீஸில் மூல மானிய உத்தரவையும் மானியப் பதிவேட்டையும் நகல் கேட்க வேண்டும். சீட்டு உண்மையானதா என்பது பதிவேட்டில்தான் தெரியும். போடி முடிந்து தனி எண் வந்திருக்கிறதா, தடைக்காலம் எத்தனை ஆண்டு என்பதும் பார்க்க வேண்டியவை. தாத்தா பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால் இன்னொரு கேள்வி உண்டு: உத்தரவு எந்த வகையின்கீழ் போடப்பட்டது? சில நிலங்களைக் கைமாற்றுவதைத் தடுக்கும் 1978ஆம் ஆண்டின் பி.டி.சி.எல். சட்டப்படி, பட்டியல் சாதியினருக்கு வழங்கிய நிலம் விதியை மீறிக் கைமாறியிருந்தால் அதைத் திரும்பப் பெறக் கேட்கலாம். கேட்பதில் மிகவும் தாமதித்தால் செல்லாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கால வரம்பே கிடையாது என்று 2023இல் கர்நாடகம் சட்டத்தைத் திருத்தியது. எனவே வீரர் என்ற வகையில் கொடுத்ததா, பட்டியல் சாதி ஒதுக்கீட்டில் கொடுத்ததா என்ற அந்த ஒற்றை வரியைத்தான் வக்கீல் முதலில் கேட்பார்.